ஓடைப் பாலத்தைப் பற்றி ஒரு வரி

நிர்வாகிகளாகப் புதிதாகப் பொறுப்பேற்றிருக்கிற நீங்கள், என்னை ஏதாவது சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். எந்தப் பொத்தானை அழுத்தினால் பக்கம் நீங்கும், எதை அழுத்தினால் ஓர் ஆளை எழுதவிடாமல் தடுக்கலாம் என்பதெல்லாம் உதவிப் பக்கத்தில் இருக்கிறது. படித்துக்கொள்ளுங்கள், அதற்கு நான் எதற்கு? அருப்புக்கோட்டையில் நூல் கடையை மகளிடம் விட்டதுபோல இந்த வேலையையும் உங்களிடம் விட்டுவிட்டேன். இரண்டில் எதை விட்டது நிம்மதி என்று கேட்டால், சந்தேகமே இல்லை, இதைத்தான். நூல் கடையில் சண்டைக்கு வருகிறவரின் முகத்தையாவது பார்க்கலாம்.

நம் இணையக் கலைக்களஞ்சியத் தளம் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம். சம்பளம் கிடையாது, முதலாளி கிடையாது. தகராறு வந்தால் உரையாடல் பக்கத்தில் எல்லாரும் கருத்துச் சொல்வார்கள். கடைசியில் நிர்வாகி ஒருவர் அதையெல்லாம் படித்து முடிவு எழுத வேண்டும். என் காலத்தில் பாதி நாள் அந்த முடிவு எழுதும் வேலை என் தலையில்தான் விழும். ஊர்க் கூட்டத்தில் பேசுகிறவர்கள் பேசிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள், திட்டு வாங்குகிறவன் மட்டும் கடைசிவரை உட்கார்ந்திருப்பான் இல்லையா, அந்த இடம்தான் இது.

ஒரே ஒரு தகராறைப் பற்றிச் சொல்கிறேன். அதில் சம்பந்தப்பட்டவரின் பெயரையும் கடையின் பெயரையும் அவர் கேட்டுக்கொண்டபடி மாற்றியிருக்கிறேன்.

பந்தல்குடிப் பக்கம் ஒரு சிற்றூர். அங்கே ஒரு குலதெய்வக் கோயில். அந்தக் கோயிலைக் கும்பிடுகிற குடும்பங்கள் பல தலைமுறைக்கு முன்பே சென்னை, கோவை என்று போய்விட்டன. மொட்டை, காதுகுத்து என்றால் மட்டும் கார் எடுத்துக்கொண்டு வருவார்கள். வழி தெரியாது. அதனால் போனில் நம் தளத்தில் அந்த ஊர்ப் பக்கத்தைத் திறப்பார்கள். அதில், தூத்துக்குடி சாலையிலிருந்து பிரிந்து ஓர் ஓடையின் தரைப்பாலம் வழியாகப் போனால் குறுக்குவழி என்று ஒரு வரி இருந்தது. தளம் தொடங்கிய புதிதில் யாரோ எழுதியது.

அந்த வரிக்குக் கீழே ‘ஜெயா டயர்ஸ் பந்தல்குடி’ என்ற பயனர் பெயரில் ஒருவர் இன்னொரு வரியைச் சேர்க்க ஆரம்பித்தார். ‘மழை நேரத்தில் பாலம் வழியாகப் போகாதீர்கள். தண்ணீர் திடீரென்று வரும்.’ இவ்வளவுதான். நம் ஆட்கள் அதை நீக்கினார்கள். ஆதாரம் இல்லை, அறிவுரை சொல்வது கலைக்களஞ்சியத்தின் வேலை இல்லை என்று இரண்டு காரணம். இரண்டும் நம் விதிப்படி சரி. மறுநாள் அந்த வரி திரும்பி வந்தது. நீக்கினார்கள். மறுபடி வந்தது. எச்சரிக்கைச் செய்தி அனுப்பினார்கள். பதில் இல்லை. அடுத்த எச்சரிக்கை இன்னும் கொஞ்சம் கடுமை. அதற்கும் பதில் இல்லை, ஆனால் வரி மட்டும் கடமை தவறாமல் வந்துகொண்டே இருந்தது.

புது மாற்றங்களைக் கண்காணிக்கும் வேலையைச் செய்துவந்தவர் சரவணன். நல்ல உழைப்பாளி. அவர் இல்லாவிட்டால் நம் தளம் என்றைக்கோ குப்பைமேடாகியிருக்கும். அவர்தான் அந்தப் பயனரை நிரந்தரமாகத் தடுக்க வேண்டும் என்று உரையாடலைத் தொடங்கினார். பெயரே கடையின் பெயர், அதனால் விளம்பரம். சொன்ன பேச்சைக் கேட்கவில்லை, அதனால் திமிர். எச்சரித்தும் பதில் தரவில்லை, அதனால் நம்மை மதிக்கவில்லை. கீழே வரிசையாக ‘ஆதரவு’, ‘ஆதரவு’ என்று விழுந்தது. ஓர் ஆள்கூட எதிர்க்கவில்லை. ஒருவர் மட்டும் ‘பாவம்’ என்று எழுதிவிட்டு அவரும் ஆதரவே போட்டிருந்தார்.

முடிவு எழுத வேண்டியது நான். சரவணன் காலையில் ஒரு செய்தி அனுப்புவார், மதியம் ஒன்று அனுப்புவார். “அய்யா, எல்லாரும் ஒரே கருத்துதான். இன்னும் எதற்குக் காத்திருக்கிறீர்கள்?” அவர் கேட்டதில் தப்பில்லை. ஒருமித்த கருத்து வந்துவிட்டால் ஐந்து நிமிட வேலை.

ஆனால் ஒன்று என்னை உறுத்தியது. எத்தனையோ சண்டைக்காரர்களை நான் பார்த்திருக்கிறேன். சண்டைக்காரன் நிச்சயம் திட்டுவான். ‘நீ யார் என்னைக் கேட்க’ என்பான், சாதியை இழுப்பான், வழக்குப் போடுவேன் என்பான். இந்த ஆள் ஒரு வார்த்தை பேசவில்லை. வரியின் தொனியும் மாறவில்லை. முதல் நாள் எப்படி ‘போகாதீர்கள்’ என்று மரியாதையாக இருந்ததோ, அப்படியேதான் கடைசி நாளும் இருந்தது. கோபமே வராத சண்டைக்காரரை நான் அதுவரை பார்த்ததில்லை.

பந்தல்குடி எனக்குப் பக்கத்து ஊர். பஸ் ஏறினால் ஒரு தூக்கம் போடுவதற்குள் இறங்க வேண்டும். பயனர் பெயரோ கடையின் போர்டேதான். போய்ப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதை வழக்கமாக்கிக்கொள்ளாதீர்கள். ஒரு பக்கத்தில் எழுதியதற்காக முன்பின் தெரியாத ஆள் வீட்டு வாசலில் வந்து நின்றால் யாரும் பயந்துதான் போவார்கள். அவர் தன் அடையாளத்தை மறைத்து எழுதியிருந்தால் நான் போயிருக்கவே மாட்டேன். சாலையோரக் கடை, யாரும் வரக்கூடிய இடம், பகல் நேரம். அப்படியும் யோசித்து யோசித்துத்தான் போனேன்.

ஓடைக்குப் பக்கத்தில், லாரிகள் நிற்கிற இடத்தில் கடை. ஒரு மனிதர் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி ஓட்டை பார்த்துக்கொண்டிருந்தார். கல்லாவில் ஓர் அம்மா. அவர்தான் ஜெயா.

“வாங்க அண்ணாச்சி, எந்த வண்டி?”

“வண்டி இல்லம்மா. நெட்டுல ஒரு ஊர்ப் பக்கத்துல நீங்க எழுதுறீகள்ல, அந்தத் தளத்துல நானும் ஒரு ஆளு. அது விசயமாப் பேசலாமா? வேண்டாம்னா அடுத்த பஸ்ஸுக்கே போயிருவேன்.”

அந்த அம்மா முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

“அடேயப்பா, ரிப்பேரு பாக்க ஆளே அனுப்புதாகளா! உக்காருங்க அண்ணாச்சி. ஏங்க, ஒரு காப்பி சொல்லுங்க. அண்ணாச்சி, அது நிக்கவே மாட்டேங்குது. நானும் போட்டுப் போட்டுப் பாக்கேன், சாயங்காலத்துக்குள்ள காணாமப் போயிருது. டவர் சரியில்லயோன்னு மாடிக்கு ஏறிப் போயிப் போட்டேன். மக வந்தா, ‘போன்ல எடம் இல்லம்மா, அதான் நிக்கல’ன்னா. சரின்னு பேத்தி காதுகுத்துப் போட்டோ எல்லாத்தையும் அழிச்சேன். அப்பயும் நிக்கல.”

பேத்தியின் காதுகுத்துப் படங்களை அழித்திருக்கிறார், நம் சரவணன் நீக்கிய வரிக்கு இடம் பண்ணுவதற்காக.

“அழிக்கிறது போன் இல்லம்மா. ஆளு.”

“ஆளா?”

“ஆமா. எங்க ஆளுகதான்.”

“அதுக்குள்ள ஆளு இருக்காகளா?” என்றார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். “நான் மிசினுன்னுல்ல நெனச்சேன்.”

போனை வாங்கிப் பார்த்தேன். மேல் மூலையில் ஒரு சின்ன மணிப் படம், அதன்மேல் கடுகளவு சிவப்புப் புள்ளி. நாம் அனுப்பிய எச்சரிக்கை அத்தனையும் அதற்குள்தான் இருந்தது. இதைத் தொட்டுப் பார்க்கவில்லையா என்று கேட்டேன்.

“செவப்பா எது வந்தாலும் தொடாதம்மா, பேங்குல இருக்குற காசு போயிரும்னு மக சொல்லியிருக்கா.”

மகள் சொன்னதில் என்ன தப்பு? நானும் என் வீட்டில் அதைத்தான் சொல்லி வைத்திருக்கிறேன். மணியைத் தொட்டு, செய்திகளைத் திறந்து கொடுத்தேன். அந்த அம்மா வாசிக்க வாசிக்க முகம் மாறியது. கடைசிச் செய்தியில் ‘நாசவேலை’ என்று ஒரு சொல் இருந்தது. அதில் வந்து நின்றார்.

“நாசவேலையா? நானா? ஏன் அண்ணாச்சி, எவன் இதை எழுதுனது? என் முன்னால வந்து சொல்லச் சொல்லுங்க பாப்போம்.”

இதோ வந்துவிட்டது கோபம். ஆளைத் தெரிந்தவுடன்தான் வந்தது. அதுவரை அவர் சண்டையே போடவில்லை. கெட்டுப்போன குழாயைத் திரும்பத் திரும்பத் திருகிப் பார்க்கிற மாதிரி, வரியைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். இந்தப் பக்கம் நாம் உட்கார்ந்து அதைத் திமிர் என்று தீர்மானம் போட்டுக்கொண்டிருந்தோம்.

காப்பி வந்தது. நான் மெதுவாகக் கேட்டேன். “அந்த ஒரு வரிக்கு ஏம்மா இம்புட்டுப் பாடு?”

அவர் சுவரைக் காட்டினார். ஆணியில் தடித்த நைலான் கயிறு ஒன்று சுருட்டி மாட்டியிருந்தது.

“அந்த ஓடையில வருசம் பூராம் பொட்டுத் தண்ணி கெடயாது. கருவேலந்தான் நிக்கும். அதப் பாத்துட்டு ஓடைன்னே நம்ப மாட்டாக. மேக்க எங்கிட்டாவது மழ பேஞ்சா இங்க வெயிலடிக்கிறப்பவே தண்ணி வந்துரும். காருக்காரவுக பாதிப் பாலத்துல மாட்டிக்கிருவாக. கூப்பாடு கேட்டா இவுகதான் கயித்த இடுப்புல கட்டிக்கிட்டு எறங்குவாக. போன மழைக்கு ஒரு பச்சப் பிள்ளையத் தூக்கிட்டு வாரப்ப கட்ட ஒண்ணு வந்து இவுக விலாவுல அடிச்சிருச்சு. இன்னமும் இவுகளால ஒருக்களிச்சுப் படுக்க ஏலல.”

டியூப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர் தலையைத் தூக்காமலே சொன்னார். “ஏ புள்ள, பெருசாச் சொல்லாத. எறங்காம நின்னு வேடிக்கை பாக்கவா?”

“எறங்க வேண்டாம்னு நான் எப்பச் சொன்னேன்? அவுக வராம இருக்கட்டும்னுதான சொல்லுதேன்.” அந்த அம்மாவின் குரல் உடைந்துவிட்டது. “கேட்டா போன நீட்டுறாக அண்ணாச்சி, ‘இதுல குறுக்கு வழின்னு போட்டுருக்கே’ன்னு. அதுல போட்டதப் படிச்சுட்டுத்தான வாராக? அப்ப நான் போடுறதையும் படிப்பாகல்ல? எனக்கு வேற என்ன செய்யத் தெரியும்?”

விளம்பரம் என்றார்களே, அதையும் விசாரித்தேன். ஓடையில் சிக்குகிற வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தால் முதலில் வருவது அவர்கள் கடைக்குத்தானாம். தன் வியாபாரத்தைக் குறைத்துக்கொள்ள விளம்பரம் செய்த ஒரே ஆள் அந்த அம்மாதான்.

கிளம்பும்போது எனக்கு ஒரு சந்தேகம். “நீங்க அந்தக் குறுக்குவழி வரியவே அழிச்சிருக்கலாமேம்மா? அதே பொத்தான்தான.”

அந்த அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார். “அது வேற யாரோ எழுதுனதுல்ல அண்ணாச்சி? அடுத்தவுக எழுதுனத நாம எப்படி அழிக்க?”

பஸ் வரும்வரை சாலையோரம் நின்றேன். மேற்கே மேகம் கட்டியிருந்தது. இந்தக் கரிசல் காட்டில் மேகத்தைப் பார்த்தால் எல்லாருக்கும் சந்தோஷம் வரும். அன்றைக்கு எனக்கு ஆணியில் மாட்டியிருந்த அந்தக் கயிறுதான் நினைவுக்கு வந்தது.

திரும்பியவுடன் முடிவு எழுதவில்லை. உரையாடலை நீட்டித்து, அந்த அம்மாவின் அனுமதியோடு நடந்ததை எழுதினேன். நீக்குவது மனிதர்கள் என்றே அவருக்குத் தெரியாது, நம் செய்தி எதுவும் அவருக்குப் போய்ச் சேரவில்லை என்றேன். உடனே மனம் மாறிவிடும் என்று நினைக்காதீர்கள். ‘உணர்ச்சிவசப்படாதீர்கள்’ என்று ஒருவர். ‘கஷ்டம் புரிகிறது, ஆனாலும் ஆதாரம் இல்லாத வரியை எப்படி அனுமதிப்பது?’ என்று இன்னொருவர். ‘ஒருவருக்கு விட்டுக்கொடுத்தால் நாளைக்கு எல்லாரும் வருவார்கள்’ என்று மூன்றாமவர். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு என்னென்னவோ தட்டச்சு செய்தேன். நல்லவேளை, அனுப்பாமல் கடைக்குப் போய்விட்டேன். நூல் கண்டு நாலை எடுத்து அடுக்கினால் எனக்குக் கோபம் இறங்கும்.

அடுக்கிக்கொண்டிருக்கும்போதுதான் கேட்க வேண்டிய கேள்வி வந்தது. திரும்பி வந்து ஒரே ஒரு வரி எழுதினேன்: ‘அந்தப் பாலம் குறுக்குவழி என்கிற வரிக்கு என்ன ஆதாரம்?’

அவ்வளவுதான். அதற்கும் ஆதாரம் கிடையாது. முதலிலேயே வந்து உட்கார்ந்துவிட்டதால் யாரும் அதைக் கேட்கவில்லை. பின்னால் வந்த வரியைப் பிடித்து ஆளாளுக்கு விசாரித்தோம், முன்னால் வந்த வரி சட்டமாகக் கால் நீட்டிப் படுத்திருந்தது.

முதலில் பதில் போட்டது சரவணன்தான். ‘இந்தப் பக்கத்தை எத்தனையோ தடவை திறந்திருக்கிறேன். கீழே இருந்த வரியை நீக்குவதிலேயே கண்ணாக இருந்தேன், மேலே இருப்பதைப் படிக்கவே இல்லை’ என்று எழுதினார். எழுதிய கையோடு குறுக்குவழி வரியை நீக்கினார். தடுக்கும் கோரிக்கையையும் திரும்பப் பெற்றார். பிறகு அந்த அம்மாவுக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு செய்தி அனுப்பினார். அதுவும் அந்த மணிக்குள்தான் போய் விழுந்தது என்பது வேறு விஷயம். நான் போன் போட்டு, “சிவப்புப் புள்ளிதாம்மா, தைரியமாத் தொடுங்க” என்று சொல்ல வேண்டியிருந்தது.

“அப்ப என் வரி?” என்று கேட்டார் ஜெயா.

“ஆதாரம் இல்லாம வைக்க முடியாதும்மா. அதான் அந்தக் குறுக்குவழி வரியும் போச்சு.”

“கண்ணால பாத்தது ஆதாரம் இல்லயா?”

விதி ஏன் அப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியும், அது தேவை என்றும் தெரியும். ஆளாளுக்குக் கண்ணால் பார்த்ததை எழுதினால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். ஆனாலும் விலாவில் அடிபட்டவரின் மனைவியிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ‘ஒரு படம் எடுத்துப் போடுங்கம்மா’ என்றேன். எடுத்துப் போட்டார். காய்ந்த ஓடை, தரைப்பாலம், பக்கத்தில் வெள்ள அளவு குறித்த கம்பம். கம்பத்தின் உச்சிவரை சேற்றுக்கறை. அந்தப் படம் இன்றைக்கும் அந்த ஊர்ப் பக்கத்தில் இருக்கிறது.

போனில் அந்த மணியை என்ன செய்வது என்று பிறகு ஒரு பெரிய விவாதம் நடந்தது. நம் ஆட்களைக் கேட்க வேண்டுமா! புள்ளி சிவப்பா நீலமா என்பதில் ஆரம்பித்து, வட்டமா சதுரமா என்று போய், ‘இதெல்லாம் அழகியல் பிரச்சினை’ என்று ஒருவர் கோபித்துக்கொண்டு வெளியேறி, திரும்பி வந்து, ஒருவழியாகச் சரவணன் எழுதிய வாசகம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. இப்போது ஒருவர் எழுதியது நீக்கப்பட்டால், அவர் அடுத்த முறை அந்தப் பக்கத்தைத் திறக்கும்போது நடுவிலேயே தெரியும்: ‘நீங்கள் எழுதியதை இன்னார் நீக்கியிருக்கிறார். காரணம் இது. அவரிடம் பேச இங்கே தொடுங்கள்.’ நீங்கள் தினமும் பார்க்கிற வாசகம்தான். அது வந்த கதை இதுதான். அதைச் சுருக்கச் சொல்லி யாராவது உங்களிடம் வருவார்கள். சுருக்காதீர்கள். ‘இன்னார்’ என்ற சொல்லை மட்டும் எடுக்கவே எடுக்காதீர்கள்.

அந்த ஐப்பசியில் மழை நன்றாகப் பெய்தது. ஒருநாள் மத்தியானம், என் கடையில் வியாபாரம் ஓடிக்கொண்டிருக்கிற நேரம், ஜெயா போன் செய்தார். பின்னால் மழைச் சத்தம்.

“அண்ணாச்சி, கோயம்புத்தூர்க் காரு ஒண்ணு. பிள்ளகுட்டியோட கோயிலுக்கு வந்துருக்காக. கடையில நிறுத்தி வழி கேட்டாக.”

“என்ன சொன்னீக?”

“மெயின் ரோட்டுலயே நேராப் போயி சுத்திப் போங்கன்னேன். அந்த மனுசனுக்குக் கோவம்னா கோவம். ‘என்னங்க தளம் இது, ஊரப் பத்திப் பக்கம் பக்கமா எழுதியிருக்கான், போறதுக்கு ஒரு வழி எழுதல, எந்த மடையன் எழுதுனானோ’ன்னு உங்களத்தான் திட்டிட்டுப் போறாரு.” சொல்லிவிட்டுச் சிரித்தார்.

“திட்டட்டும்மா, நல்லாத் திட்டட்டும்” என்றேன். “ஓடையில தண்ணி?”

“ரெண்டு கரையும் முட்டிப் போகுது.”

“உங்க வீட்டுக்காரவுக எங்க?”

“இந்தா, டியூபு ஒட்டிக்கிட்டு இருக்காக. கயிறு ஆணியிலதான் கெடக்கு அண்ணாச்சி.”